அந்த இரவில் எங்கே போவது? குமரி மாவட்டத்தில் மனநல நெருக்கடிக்கு உள்ள வழிகள்

2019 ஜூலையில் ஓர் இரவு. சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் பதினொரு பேர் நின்றோம். உள்ளே தம்பி ஐந்தாவது நாளாகத் தூங்காமல் அறைக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தான். வீட்டைச் சுற்றி ஆட்கள் ஒளிந்து நிற்கிறார்கள் என்றான். கிணற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று நம்பி, முந்தைய நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அருமனைக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. பக்கத்து வீட்டு விளக்குகூட மரங்களுக்கு இடையில்தான் தெரியும்.

முற்றத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் ஒரு வழி இருந்தது. சித்தப்பா, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவோம், அங்கேதான் இதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார். மாமி, போதகரை மறுபடியும் வரவழைத்து ஜெபிக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி, யாரோ மந்திரித்த கைவிஷம் கொடுத்திருக்கிறார்கள், எடுக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும் என்றார். துபாயிலிருந்து அத்தான், நாகர்கோவிலில் நல்ல தனியார் ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேருங்கள், பணத்தை நான் அனுப்புகிறேன் என்றார். ஒருவர் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். இன்னொருவரிடம் ஓர் இல்லத்தின் எண் இருந்தது. அழைத்தால் நான்கு பேர் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். 108 என்ற எண் எவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

சொன்னவர்கள் எல்லோரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வேளை உண்டு என்பதும், எங்களுடைய அந்த வேளைக்கு எது பொருந்தும் என்பதும் எங்களில் எவருக்கும் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும். இன்று உங்கள் முற்றத்தில் அப்படி ஒரு கூட்டம் நின்றால் உதவட்டும் என்றே அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். இதைப் படிக்கும் நீங்களே உயிரோடு இருக்க முடியாது என்ற நிலையில் இருந்தால், மீதியைப் படிக்க வேண்டாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை இப்போதே அழையுங்கள். அருகில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது

எந்த மருத்துவமனை சிறந்தது என்ற பேச்சிலேயே நாங்கள் இரண்டு மணி நேரத்தைக் கழித்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: விடியும் வரை காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து வருமா? அவர் எதையாவது விழுங்கியிருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால், சாகப்போகிறேன் என்று சொல்லி அதற்கான ஏற்பாட்டோடு இருந்தால், கையில் வெட்டுக்கத்தி போன்ற ஏதாவது இருந்தால், நாள் கணக்கில் உணவும் தண்ணீரும் மறுத்தால், காத்திருக்கக் கூடாது. 108. அல்லது கிடைக்கும் வண்டியில் மிக அருகில் உள்ள அரசு மருத்துவமனை. இவை எதுவும் இல்லை, ஆனால் அழுகிறார், பதறுகிறார், தூக்கம் போய்விட்டது, குரல் கேட்கிறது என்கிறார் என்றால், தொலைபேசி ஆலோசனையோடு இரவைக் கடந்து காலையில் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதற்குப் பலரும் பயப்படுகிறார்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோம் என்ற பயம். அப்படி நடப்பதில்லை. கேட்டவுடன் பாரம் இறங்கிப் பேசத் தொடங்குபவர்களே அதிகம். ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, ரப்பர் பாலை உறையவைக்க எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் ரப்பர் ஆசிட் ஆகிய எல்லாவற்றையும் அன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் குறுகியது. அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது.

மனநோய் போலத் தோன்றி, உண்மையில் உடலின் அவசரமாக இருப்பவையும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டதற்காகவோ, தவக்காலம் தொடங்கியதற்காகவோ, வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். வீட்டில் சாமி குற்றம் என்பார்கள், அல்லது பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். அது குடியை நிறுத்தியதால் மூளையும் உடலும் கொந்தளிக்கும் நிலை. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சத்து ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்து, ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் மருத்துவமனைதான் அதற்கு இடம். மருத்துவர் இல்லாத எந்தக் குடிமீட்பு இல்லமும் அந்த மூன்றாம் நாளுக்கு உதவாது.

பிரசவமான முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தாய் திடீரெனத் தூக்கம் இழந்து, குழந்தையைப் பற்றிப் புரியாத எதையோ பேசத் தொடங்கினால் அதுவும் அதே அவசரம். பச்சை உடம்புக்காரி, எங்கேயோ பயந்திருக்கிறாள் என்று காத்திருக்கக் கூடாது. தாய், குழந்தை இருவரின் உயிரும் அதில் இருக்கிறது. குழந்தையை அவளோடு தனியாக விடாமல், இருவரையும் சேர்த்தே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வயதானவர் ஒரே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ உப்போ மாறியிருக்கலாம். ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவருக்குக் கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகிக்கொண்டால் பேய் பிடித்ததாக நினைத்துவிடுகிறார்கள். அது சில மருந்துகளின் பக்கவிளைவு. ஓர் ஊசியில் பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

108, சொந்த வண்டி

நம்மிடம் வண்டி இருந்தால் 108 எதற்கு என்று தோன்றும். எங்கள் பக்கம் மலையோரச் சாலைகளில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகலாம் என்பதும் உண்மை. இருந்தும் மயக்கம், விஷம், ரத்தக்காயம், வலிப்பு என்றால் 108 வண்டிக்கே முதல் இடம். அதில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது, கட்டணம் இல்லை. மனநோய் உள்ளவருக்கும் மற்ற நோயாளிகளுக்குக் கிடைப்பது போலவே ஆம்புலன்ஸ் கிடைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அழைக்கும்போது ‘மனநோயாளி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ‘இருபத்தாறு வயது, ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை, ஒரு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை, பயந்திருக்கிறார், கையில் ஆயுதம் இல்லை’ என்று நடப்பதைச் சொல்லுங்கள். எந்தத் திருப்பத்தில் எந்தக் குருசடிக்கு அருகில் வர வேண்டும் என்பதையும் சொல்லி, ஒருவரை டார்ச்சோடு சாலையில் நிறுத்துங்கள்.

உடலுக்கு உடனடி ஆபத்து இல்லை, அவருக்கு நம்பிக்கையானவர் கூடவே வருகிறார், அவரும் வரச் சம்மதிக்கிறார் என்றால் கார் நல்லது. சைரன் ஒலியும் சீருடையும் பயந்திருக்கும் ஒருவரை மேலும் பயமுறுத்தும். பின் இருக்கையில் நடுவில் உட்காரவைத்து இரு பக்கமும் இருவர் இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டும் கவனிக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

குழித்துறை, ஆசாரிபள்ளம், திருவனந்தபுரம்

எங்கள் பக்கத்தவர்களுக்கு உண்மையான குழப்பம் இதில்தான். மாவட்டத்தின் கிழக்கே, தோவாளையிலோ அகஸ்தீஸ்வரத்திலோ இருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி இல்லை. நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, போய்விடலாம். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஆசாரிபள்ளமும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். கொல்லங்கோடு, நீரோடி போன்ற கடலோர ஊர்களுக்குத் திருவனந்தபுரமே பக்கம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். நோய் முற்றினால் வடக்கே போவது அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம். பேரூர்க்கடையில் இருக்கும் அரசு மனநல மையம் 1870-இல் தொடங்கியது. ஊளம்பாறை என்றால் எங்கள் ஊரில் இன்றும் அதுதான். அந்த ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி ஒருவரை ஒருவர் திட்டுவதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவனை அங்கே கூட்டிப் போகிறோம் என்று சொன்னால் அவன் வண்டியில் ஏறுவானா? தம்பி ஏற மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கென்றே உள்ள மருத்துவமனை என்பது திருவனந்தபுரத்துக்குப் பெரிய பலம். ஆனால் நெருக்கடி இரவில் அதுவே குறையாகவும் ஆகலாம். பிரச்சினை விஷமோ காய்ச்சலோ காயமோ குடியை நிறுத்தியதன் கொந்தளிப்போ என்றால், எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் பொது மருத்துவமனைதான் பாதுகாப்பு. ஆசாரிபள்ளத்தில் அவசர சிகிச்சைப் பிரிவும் பொது மருத்துவமும் மகப்பேறும் மனநலமும் ஒன்றாக இருக்கின்றன. மருந்து இலவசம். பிறகு மாதாமாதம் மருந்து வாங்க எல்லை தாண்ட வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள், அங்கேயே தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். மருந்து வாங்கப் போய்வரும் செலவும் அலைச்சலும் பொறுக்காமல் மருந்தை நிறுத்தி, மறுபடி நெருக்கடிக்கு வந்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆகவே எங்கே தொடங்குகிறோம் என்பதைப் போலவே எங்கே தொடர முடியும் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஏற்கெனவே திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுபவர், அங்கே அவருடைய கோப்பு இருக்கிறது, மருத்துவர் அவரை அறிவார், உடலுக்கு அவசரம் இல்லை என்றால், அங்கே போவதே சரி. புதிய நோயாளிக்கு என் தேர்வு ஆசாரிபள்ளம்.

அதற்கும் முன்னால் வட்டார அரசு மருத்துவமனை இருக்கிறது. குழித்துறை, தக்கலை, குளச்சல் என்று ஒவ்வொரு திசைக்கும் ஒன்று. அங்கே இரவில் மனநல மருத்துவர் இருக்க மாட்டார், எதற்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள். சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரும் ஆபத்து என்றால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மனநல நிபுணராக இல்லாவிட்டாலும், அவசரச் சிகிச்சை அளிக்கலாம். நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்ட பிரதிநிதி உடன் இருந்தால் அவருடைய சம்மதத்தோடு அளிக்க வேண்டும். இந்த ஏற்பாடு 72 மணி நேரம் வரை, அல்லது மனநல நிலையம் ஒன்றில் நோயாளி பரிசோதிக்கப்படும் வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை செல்லும். அங்கே கொண்டுபோவதும் இதில் அடங்கும். மின்அதிர்வு சிகிச்சையை இப்படி அவசரத்தின் பேரில் கொடுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

எங்களுக்கு அன்றிரவு கண் திறந்தது இந்த இடத்தில்தான். அத்தான் சொன்னபடி முதலில் நெடுஞ்சாலையோரம் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்தி, மனநல மருத்துவர் மாலையில் மட்டும்தான் வருவார், இப்படிப்பட்ட ஆளைச் சேர்க்க முடியாது என்றார்கள். காரின் கண்ணாடி வழியே எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தம்பி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். ஒன்றரை மணிக்கு அரசு மருத்துவமனைக்கு வந்தோம். பணியில் இருந்த இளம் மருத்துவர், இவனுக்கு என்ன பைத்தியம் என்று கேட்கவில்லை. ‘எப்போது கடைசியாகத் தண்ணீர் குடித்தீர்கள், தம்பி?’ என்று அவனிடமே கேட்டார். சர்க்கரை பார்த்தார், குளுக்கோஸ் ஏற்றினார், ஓர் ஊசி போட்டார். ஐந்து இரவுகளுக்குப் பிறகு தம்பி தூங்கினான். அதே நிலையில் ஆம்புலன்ஸில் ஆசாரிபள்ளம் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிரவு எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்: பயந்துபோன ஓர் உடலுக்குத் தண்ணீரும் தூக்கமும் பாதுகாப்பும். நோயின் பெயரை மறுநாள் சொன்னார்கள்.

தனியார் மருத்துவமனைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாகர்கோவிலில் பொறுமையாகக் கேட்கும் தனியார் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நெருக்கடி இல்லாத நாளில், கூட்டம் குறைவான அறையில் அரைமணி நேரம் பேச வேண்டும் என்பவருக்கு அது நல்ல வழி. இரவில் போவதற்கு முன் மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பு தேவை: இப்போது மனநல மருத்துவர் வருவாரா, உள்நோயாளியாகச் சேர்ப்பீர்களா, அதற்கான பதிவு இருக்கிறதா, வீட்டு ஆள் கூடத் தங்கலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? பதில் மழுப்பலாக இருந்தால் வண்டியை அரசு மருத்துவமனைப் பக்கம் திருப்புங்கள். அரசு மருத்துவமனையில் நோயாளியோடு கூட இருக்க வீட்டு ஆள் ஒருவர் பெரும்பாலும் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். கணவர் ஆழ்கடலிலோ வளைகுடாவிலோ இருக்க, கைக்குழந்தையோடு தனியே நிற்கும் பெண்களுக்கு எங்கள் மாவட்டத்தில் இதுவே பெரிய தடை. பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்த ஓர் இரவு வார்டில் தங்குவது அல்லது குழந்தையைப் பார்த்துக்கொள்வது.

விஷமோ காயமோ என்றால் போலீஸ் வழக்கு வருமே என்று பயந்து உண்மையை மறைக்கும் வீடுகள் பல. தெரியாமல் குடித்துவிட்டார், வழுக்கி விழுந்துவிட்டார் என்பார்கள். என்ன விழுங்கினார் என்று தெரியாமல் மருத்துவர் எப்படி மாற்று மருந்து கொடுப்பார்? மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது நடைமுறைதான். ஆனால் தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. எனவே பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

போலீஸை அழைப்பது எப்போது

ஆயுதம் கையில் இருந்து நெருங்க முடியாவிட்டால், அல்லது ஆளைக் காணவில்லை என்றால், 100 அல்லது 112. இவை தவிர மற்ற நேரங்களில் போலீஸை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். தன்னை யாரோ பிடிக்க வருகிறார்கள் என்று நம்புபவன் முன்னால் உண்மையிலேயே சிலர் பிடிக்க வந்து நின்றால் அவன் பயம் உறுதியாகிவிடுகிறது. ஆனால் தெருவில் ஆதரவின்றி அலைபவர்களுக்கு நிலைமை வேறு. கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் பாதை முடிகிறது. அசாமின் திப்ருகரிலிருந்து இந்தியாவின் மிக நீண்ட பாதையில் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸும் அங்கேதான் வந்து நிற்கிறது. மொழி தெரியாமல், வீடு எங்கே என்று சொல்லத் தெரியாமல் கடற்கரையில் திரிபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கடந்தும் போயிருக்கிறோம். அப்படிப்பட்டவருக்குப் பாதுகாப்புக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. அங்கே போலீஸை அழைப்பது அவருக்குச் செய்யும் உதவி.

ஜெபமும் மருந்தும்

மாமி அழைத்த போதகர் அன்றைக்கு முந்தைய இரண்டு இரவும் வந்து ஜெபித்தார். தம்பியின் தலையில் அவர் கை வைத்தபோது அவன் சற்று அமைதியானதும் உண்மை. கோயில், தேவாலயம், தர்கா என்று எல்லா வாசல்களிலும் மனம் உடைந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் இது. அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். நான் கேட்பது வரிசையை மட்டும்தான். தண்ணீர் குடிக்காத உடலுக்கு முதலில் மருத்துவர், அதன்பிறகு வார்டில் வந்தும் ஜெபிக்கலாம். அந்தப் போதகரே மூன்றாம் இரவு எங்களிடம், ‘ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நானும் வருகிறேன்’ என்று சொல்லி முன் இருக்கையில் ஏறினார். அவர் சொன்னதால்தான் மாமியின் எதிர்ப்பு அடங்கியது. ஆகவே ஆன்மிக வழியில் உள்ளவர்களை ஒதுக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகச் சம்மதிக்கவைக்க அவர்களால் முடியும். ஆனால் அடிப்பதும், புகை போடுவதும், பட்டினி போடுவதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் எந்தப் பெயரில் வந்தாலும் அங்கிருந்து உடனே அழைத்து வந்துவிட வேண்டும்.

வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகும் இல்லங்களைப் பற்றி நான் நடுநிலையாக எழுதப் போவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று எந்த வகையிலும் சங்கிலியிடுவதைச் சட்டம் முழுமையாகத் தடை செய்திருக்கிறது. மனநோய் உள்ளவர்களைச் சேர்க்கும் எந்த நிலையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நினைத்த நேரத்தில் வந்து பார்க்க விடுவார்களா என்ற கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஆளை விடாதீர்கள். நெருக்கடி இரவில் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து தூக்கிப் போனால், அந்தக் காயம் நோய் தணிந்த பிறகும் ஆறுவதில்லை. யார் தன்னைக் கட்ட அனுமதித்தார்கள் என்பதை அவர்கள் மறப்பதே இல்லை.

தொலைபேசி எண்கள்

அன்று இல்லாத ஒரு வழி இன்று இருக்கிறது. 2022 அக்டோபரில் 14416 வந்தது. இந்தியா முழுவதும் டெலிமானஸ் என்று அழைக்கப்படும் அதற்குத் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 1800-891-4416 என்ற எண்ணிலும் கிடைக்கும். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நிற்கும் அண்ணனும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. மனம் விட்டுப் பேச, தீர்ப்புச் சொல்லாத ஒரு காது வேண்டும் என்றால் அது பெரிய துணை. பெண் ஒருவருக்கு வீட்டுக்குள் நடக்கும் அடிதான் நெருக்கடிக்குக் காரணம் என்றால் 181, குழந்தை என்றால் 1098. ஆனால் விஷத்துக்கும் ரத்தத்துக்கும் தொலைபேசி போதாது. அந்த நேரத்தில் முதல் அழைப்பு 108-க்கு, மற்றவை பிறகு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றிரவு அவனைச் சுற்றி ஆள் கூடக் கூட அவனுடைய பயமும் கூடியது. பதினொரு பேரும் மாறி மாறிப் புத்தி சொன்னோம். அவனை வண்டியில் ஏற்றியது என் மனைவி, அவனுடைய மைனி. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, தரையில் அவனுக்குச் சற்று எட்டத்தில் உட்கார்ந்து, ‘உனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குத் தெரிகிறது, நான் கூடவே வருகிறேன்’ என்றாள். ஆட்கள் நிற்கிறார்களா இல்லையா என்று அவனோடு வாதிடவில்லை. எங்கே போகிறோம் என்பதில் பொய்யும் சொல்லவில்லை. ‘ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம், தூங்குவதற்கு மருந்து கேட்போம்’ என்றாள். அவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

தம்பி இப்போது மார்த்தாண்டத்தில் வேலைக்குப் போகிறான், மருந்து எடுக்கிறான். 2017 சட்டம், நோய் வந்தால் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அவசரச் சிகிச்சையை அந்த எழுத்து கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நாங்கள் அவனை எழுதச் சொன்னோம், எங்களுக்காக. முறைப்படி செய்ய வேண்டிய பதிவை இனிமேல்தான் செய்ய வேண்டும். இப்போதைக்கு அந்தத் தாள் அடுக்களை அலமாரிக் கதவின் உட்புறம், மருந்துச் சீட்டின் நகலுக்கும் 108, 14416 என்ற எண்களுக்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அவன் கையெழுத்தில் நான்கே வரிகள்: ‘இரண்டு இரவு நான் தூங்காவிட்டால் மூன்றாம் இரவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் போதும். கட்ட வேண்டாம். மைனி கூப்பிட்டால் வருவேன்.’